இருபது அடி தள்ளி

பெல்லெக்ரினோ மலையில் மிதிவெடி புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்பினேன். ஒளித்து வைத்து என்ன காணப் போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் தலைமாட்டில் இருக்கிற மலை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு சாப்பாடு கட்டிக்கொண்டு ஏறுகிற மலை. உச்சிக்குக் கிட்ட, ஒரு குகைக்குள்ளே, சாந்தா ரொசாலியா என்கிற புனிதவதியின் கோயில். ஈழத்திலிருந்து பிழைக்க வந்த சைவச் சனங்களாகிய நாங்களும் அங்கேதான் நேர்த்தி வைப்போம். வேலை கிடைத்தால் நடந்து ஏறுவோம், விசா கிடைத்தால் செருப்பில்லாமல் ஏறுவோம். அம்மாளாச்சி எந்த ஊரில் இருந்தால் என்ன, எங்கள் பாஷை விளங்கினால் சரி. அப்படிப்பட்ட மலையில், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, வைகாசி மாத வியாழக்கிழமை ஒன்றில், நாற்பத்து மூன்று வயதுத் தடிமாடாகிய நான் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று அழுதேன். அழவில்லை, கண் கலங்கினேன். சரி, அழுதேன்.

இந்தக் கதையைக் கலியாண வீடு, பிறந்தநாள் வீடு ஒன்றும் விடாமல் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எப்போதும் நான்தான் கோமாளி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்று எனக்கு முன்னால் நடந்து போன அக்காவைத்தான் நெடுநாளாகப் பிழையாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா என்றால் எனக்கு மட்டும் அக்கா இல்லை. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு இரண்டு வயது மூப்பு, அவ்வளவுதான். சின்ன உருவம், பேருந்தில் தொங்குகிற கைபிடி அவருக்கு எட்டாது. லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் எண்பத்து மூன்று வயதுச் சின்யோரா, அதாவது இத்தாலியச் சீமாட்டி, ஒருவரைப் பராமரிக்கிற வேலை. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போனாலும் முன்னால் போவார். "நான் ஒருக்கா முன்னாலை போய்ப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் வாய் திறப்பதற்குள் போய்விடுவார். முந்திரிக்கொட்டை என்று அவருக்குப் பின்னால் பேர் வைத்திருந்தோம். அந்தப் பேரை வைத்தவன் யாரென்று கேட்காதீர்கள், நீங்கள் நினைப்பது சரி.

லிபெர்த்தா வீதியை நீங்கள் கால்நடையாகக் கடந்திருக்கிறீர்களா? பாதசாரிக் கோட்டைக் கண்டால் அங்கே மோட்டார் சைக்கிள்காரர் இன்னும் கொஞ்சம் முறுக்குவார்கள். ஒருநாள் நாங்கள் ஐந்து ஆம்பிளைகள், மீசையும் தொந்தியுமாக, கரையில் நின்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா எங்கிருந்தோ வந்தார். ஒரு கையை உயர்த்தினார், இறங்கினார். நடுவீதியில் நின்றுகொண்டு திரும்பி, "இப்ப வாங்கோ" என்றார். தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் மாதிரி ஐந்து பேரும் போனோம். மற்றக் கரைக்கு வந்ததும், "என்ன அவசரம் அக்காவுக்கு? நாங்களும் கடந்திருப்பம்தானே" என்றேன். கடந்திருக்க மாட்டோம். இப்போதும் அங்கேதான் நின்றிருப்போம்.

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்திலும் இதே கூத்துத்தான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடிய நான்கு மணிக்கே வரிசை. யன்னல் திறந்ததும், எங்கோ வாலில் நிற்கிற அக்கா விறுவிறென்று முன்னால் போய் உள்ளே இருப்பவரிடம் ஏதோ கேட்பார். திரும்பி வரும்போது வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு வருவார்.

"இண்டைக்குக் கண்ணாடி போட்டவர் இருக்கிறார். சத்தம் போடுவார், பயப்பிடாதேங்கோ. படம் நாலும் கேக்கிறார், இப்பவே எடுத்துக் கையிலை வைச்சிருங்கோ."

"தன்ரை அலுவலை முடிச்சுப்போட்டு வந்து எங்களுக்குப் படிப்பிக்கிறா, பாத்தியோ" என்று எனக்குப் பக்கத்தில் நின்றவர் முணுமுணுத்தார். "ஓமண்ணை" என்றேன் நான். முன்னால் போய் வந்த அக்கா வரிசையின் வாலுக்கே திரும்பிப் போய், மதியம் வரைக்கும் வெயிலில் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தது மண்டைக்குள் ஏறவில்லை. என் மண்டை அப்படித்தான், வாசல் சின்னது.

காளான் கதை இன்னும் மோசம். நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெடியன் மழைக்குப் பிறகு மரத்தடியில் பிடுங்கியதென்று ஒரு பை காளான் கொண்டுவந்தான். என்னுடைய வீட்டில்தான் பொரியல். வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு என் மனுசி பிரட்ட, வாசம் மூன்றாம் மாடி வரைக்கும் போனது. நான் கோப்பையோடு குந்திவிட்டேன். அக்கா தட்டை மறித்தார்.

"பொறுங்கோ தம்பி. நான் ஒருக்காத் திண்டு பாக்கிறன்."

ஒன்று, இரண்டு, மூன்று. பெரிய பெரிய காளானாகப் பார்த்துத் தின்றார். பிறகு கதிரையைச் சுவர் மணிக்கூட்டுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு மணித்தியாலம். ஒருவருக்கும் தரவில்லை.

"அக்கா, ருசி எப்பிடி?" என்றேன்.

"கதையாதேங்கோ. வயித்தைக் கவனிக்கிறன்."

ஒரு மணித்தியாலம் கழிய எழும்பி, "எனக்கு ஒண்டும் செய்யேல்லை. சாப்பிடுங்கோ" என்றார். நான் மனுசியின் காதுக்குள், "நல்ல பெரிசெல்லாம் அவவின்ரை வயித்துக்கை போயிட்டுது" என்றேன். மனுசி என் தொடையில் கிள்ளியது அடுத்த வெள்ளிவரை நீலமாக இருந்தது.

அக்காவுக்கு ஒரு மகள். வவுனியாவில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அப்போது பதினைந்து வயது. புருசன் முன்னமே இறந்துபோனார். எப்படி என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. மகளை இத்தாலிக்குக் கூப்பிடப் பேப்பர் போட்டிருந்தார். அந்தப் பேப்பர் நகர்வதற்கு அவருக்கு வேலை இருக்க வேண்டும். வேலை இருப்பதற்குச் சின்யோரா நலமாக இருக்க வேண்டும். சின்யோராவின் மகன் ஒரு வழக்கறிஞர், சட்டம் வீட்டுக்குள்ளும் உண்டு: கீழே இருக்கிற கோப்பிக் கடைக்கு அப்பால் அம்மா போகக் கூடாது. சின்யோராவுக்குக் கால் நல்ல கால். ஞாபகம்தான் இடைக்கிடை லீவில் போகும்.

அந்த வைகாசியில் மகன் மிலானோவுக்குப் போன கிழமை பார்த்து சின்யோரா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சின்ன வயதில் தாயோடு மலை ஏறி, கோயிலைக் கும்பிட்டு, காட்டுக்குள்ளால் நடந்து, கடலைப் பார்த்தபடி நிற்கிற ரொசாலியா சிலைக்குக் கீழே இருந்து பாண் சாப்பிட்டவராம். சாவதற்கு முன்னம் ஒருதரம் அந்தக் கடலைப் பார்க்க வேண்டுமாம். மூன்று நாள் அழுகை. நாலாம் நாள் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உங்கடை கார் மலை ஏறுமோ?"

"ஏறும் அக்கா. இறங்கிறதிலைதான் சந்தேகம்."

அந்த வியாழன், மொண்டெல்லோவில் நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் காலை முழுக்க மீன் வெட்டிவிட்டு, உடுப்பு மாற்றாமல் போனேன். சின்யோரா முன் இருக்கையில் முத்துமாலை, தொப்பி, கைத்தடி சகிதம் இருந்தார். மூக்கைப் பொத்தியபடிதான், ஆனால் சந்தோஷமாக.

கோயில் வாசலில் காரை விட்டோம். குகைக் கூரையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும், நிலம் வழுக்கும். அக்கா வழக்கம்போல, "நான் ஒருக்கா முன்னாலை போய்ப் பாக்கிறன். நீங்கள் சின்யோராவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்று உள்ளே போனார்.

எனக்குத் தரப்பட்ட பொறுப்பு இவ்வளவுதான்: ஒரு கிழவியின் கையைப் பிடிப்பது. பக்கத்தில் மெழுகுதிரியும் கச்சான் கடலையும் விற்கிற பெட்டிக்கடை. கடைக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். தொங்குகிற முகத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, ஒரு பகிடி சொல்லத் தொடங்கினேன். இத்தாலியனில் நான் பகிடி சொல்லி முடிக்க நேரம் எடுக்கும், இரண்டு கையும் வேண்டும். சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பினேன். கிழவி இல்லை.

அக்கா வெளியே வந்தார். "சின்யோரா எங்கை?"

"இஞ்சைதான்..." என்று சொல்லிக்கொண்டு காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆம், காருக்கு அடியில். பதறினால் நான் அப்படியான இடங்களில்தான் தேடுவேன்.

கடைக்காரர் ஆறுதலாகச் சொன்னார்: அந்த அம்மா காட்டுப் பாதையால் சிலையைப் பார்க்கப் போய்விட்டாரே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ பகிடி சொல்லிக்கொண்டிருந்தாய். இடையில் குழப்புவது மரியாதை இல்லை" என்றார்.

சிலைக்குப் போக ஒரு தார் ரோடு, சுற்றுவழி. ஊடே பைன் மரக் காட்டுக்குள்ளால் ஒற்றையடிப் பாதை, இருபது நிமிடம். குற்றவாளி நான் என்பதால் அன்றைக்கு நான்தான் முன்னால் ஓடினேன். அக்காவுக்கு முன்னால் நான் போனது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். பைன் இலைகள் மெத்தை மாதிரி. ஐந்து நிமிடம் ஓடியிருப்பேன்.

ஒரு கல். அதில் சிவப்பும் வெள்ளையும் பெயின்ற். அடுத்தது ஒரு மரத்தின் அடி. சிவப்பு, வெள்ளை. அதற்கு அப்பால் கிண்டிய குழி ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பு வெள்ளைப் பிளாஸ்ரிக் நாடா அறுந்து ஆடிக்கொண்டிருந்தது.

என் கால்கள் என்னைக் கேட்காமலே நின்றன.

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், பதினொரு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போய் வந்தவன் நான். வீதிக்கு இரண்டு கரையிலும் கல்லுகள், தடிகள், நாடாக்கள். எல்லாம் சிவப்பு வெள்ளை. வான் சாரதி சொன்னது காதில் அப்படியே இருக்கிறது: "அண்ணை, சலம் அடிக்கிறதெண்டாலும் தாரிலை நிண்டு அடியுங்கோ. சிவப்புக்கு அங்காலை வைச்ச கால் உங்கடை இல்லை." அது மூளையில் பதியவில்லை, முழங்காலில் பதிந்துவிட்டது. இது போதாதென்று, எங்கள் சாப்பாட்டுக் கடையின் கிழட்டுச் சமையற்காரர், பழைய உலகச் சண்டையில் விழுந்த குண்டுகள் இப்போதும் கிண்டக் கிண்ட வருகின்றன என்று மீன் செதிலோடு சேர்த்துத் தினமும் என் காதில் போடுவார். இரண்டையும் இரண்டையும் கூட்டினேன். இருபத்திரண்டு வந்தது.

"அக்கா, அசையாதேங்கோ! மிதிவெடி!"

தூக்கிய வலது காலைக் கீழே வைக்கவும் பயம். குழப்பம் வேறு. ஊரில் சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை மறுபக்கம். சிவப்புப் பக்கம் வெடி. இங்கே சிவப்பு மேலே, வெள்ளை கீழே. அப்படியானால் வெடி எங்கே? வானத்திலா?

அக்கா மெதுவாக வந்து எனக்குப் பின்னால் நின்றார். கல்லைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.

"உங்களுக்கு வடிவாத் தெரியுமோ தம்பி?"

"சத்தியமா அக்கா. ஊரிலை கண்ணாலை பாத்தனான். இதே பெயின்ற்."

"இத்தாலியிலையோ?"

"அந்தக் காலத்துச் சண்டையிலை தாட்டதா இருக்கும். எடுக்காமல் விட்டிட்டாங்கள்."

வாழ்க்கையில் ஒரு கேள்விக்கும் உறுதியாகப் பதில் சொல்லாத நான், இதற்கு மட்டும் பொறியியலாளர் மாதிரிப் பதில் சொன்னேன்.

அக்கா நிலத்தைக் காட்டினார். பைன் இலைகளுக்கிடையே சின்னச் சின்னக் குழிகள். கைத்தடி குத்திய அடையாளம். "இதாலைதான் போயிருக்கிறா." இரண்டுதரம் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. என் கைத்தொலைபேசியில் கவரேஜும் இல்லை.

"திரும்புவம் அக்கா. கோயிலிலை சொல்லுவம், பொலிஸ் வரட்டும்."

"வரமட்டும் அவ ஒரு இடத்திலை நிப்பாவோ? அவ தனிய நிக்கிறா, தம்பி."

தோளில் எந்நேரமும் தொங்குகிற கறுப்புக் கைப்பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "இதை நீங்கள் வைச்சிருங்கோ. மகளின்ரை பேப்பர் முழுக்க இதுக்குள்ளைதான்." பாரம் தூக்க ஒரு கழுதை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் என்னைத் தாண்டி முன்னால் போனார்.

"நான் ஒருக்கா முன்னாலை போய்ப் பாக்கிறன். நீங்கள் நிண்டாலும் சரி. வாறதெண்டால் நான் வைச்ச காலடியிலை காலை வையுங்கோ. கிட்ட வராதேங்கோ. இருபது அடி தள்ளி வாங்கோ."

நான் போட்டிருந்த சேட்டை மணந்து பார்த்தேன். உண்மைதான், மீன் நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை.

தனியே நிற்கிற பயம் நடக்கிற பயத்தைவிடப் பெரிதாக இருந்ததால் நடந்தேன். அக்காவின் கால் குழந்தைக் கால். என்னுடையது வள்ளம். அந்தச் சின்ன அடிகளில் பொருந்துவதற்காகப் பெருவிரல் நுனியில், கைகளை விரித்து, கைப்பை நெஞ்சில் ஆட, பரதநாட்டியம் பழகுகிற யானை மாதிரிப் போனேன். தெரிந்த தேவாரங்கள் எல்லாம் முதல் வரியோடு நின்றன. ரொசாலியா அம்மாளுக்கு மொட்டை அடிப்பதாக நேர்ந்தேன். அங்கே அந்த வழக்கமே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்கா வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. ஒவ்வொரு பெயின்ற் அடித்த கல்லிலும் நின்றார், பார்த்தார், காலை வைத்தார். அடுத்த கல், நின்றார், பார்த்தார், வைத்தார். ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திடீரென்று மரங்கள் முடிந்தன. வெளிச்சம். சிலை. அதற்குக் கீழே ஒரே நீலமாகக் கடல். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கப்பல்கள் பொத்தான் மாதிரித் தெரியும், அழகான காட்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் என் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு.

சின்யோரா சிலையடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாதங்களை வெயிலுக்குக் காட்டியபடி இருந்தார். "எங்கே போனீர்கள் இரண்டு பேரும்? பாண் எங்கே?" என்று ஏசினார். அக்கா குந்தி இருந்து, சின்யோராவின் காலை மடியில் வைத்துச் சப்பாத்தைப் போட்டார். நாடாவைக் கட்டினார், கழன்றது. திரும்பக் கட்டினார், திரும்பக் கழன்றது. களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் காட்டுப் பாதைக்குள்ளிருந்து காற்சட்டை போட்ட ஒருவர் நாயோடு ஓடி வந்தார். நான் பாய்ந்து குறுக்கே நின்றேன். கழுத்தில் பொம்பிளைக் கைப்பை, இரண்டு கையும் அகல விரிப்பு.

"நில்! வெடி! காலுக்குக் கீழே வெடி!" இத்தாலியனில்தான் கத்தினேன், ஊரே விளங்குகிற மாதிரி.

அவர் நின்றார். நான் கல்லைக் காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மலை ஏறுகிறவர்கள் வழி தவறக் கூடாதென்று அடித்து வைத்த பெயின்ற் அது. இத்தாலி முழுக்க அப்படித்தான். சிவப்பு வெள்ளையைக் கண்டால், இதுதான் பாதை, இதால் போ என்று அர்த்தம். குழி? பட்ட மரத்தின் வேரைக் கிண்டியிருக்கிறார்கள்.

அவர் சொல்லி முடிக்க, நாய் வந்து அந்தக் கல்லை மணந்து, காலைத் தூக்கித் தன் கருத்தையும் தெரிவித்தது.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நிலத்தில் இருந்து, முகத்தை முழங்காலுக்குள் புதைத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணீர் வழிந்தது. என்னவென்று தெரியாமல் சின்யோராவும் சிரித்தார். நாய்க்காரரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் நான் முடிவு கட்டினேன்: அக்காவுக்கு முதலே தெரியும். எத்தனை வியாழன் இந்த மலை ஏறியவர்! தெரிந்துகொண்டுதான் என்னைப் பெருவிரலில் நடக்க வைத்திருக்கிறார். பயந்தவர் யாராவது இப்படிச் சிரிப்பாரா? வரும்போது தார் ரோட்டால் வந்தோம். அது என் பிடிவாதம்.

மிலானோவிலிருந்து திரும்பி வந்த மகனிடம் சின்யோரா, "நான் கடலைப் பார்த்தேன், ஓர் ஆம்பிளை கைப்பையோடு ஆடினான்" என்று உள்ளபடி சொன்னாராம். மகன் மறதிக்கு மருந்தைக் கூட்டினார். வேலை தப்பியது. பேப்பர் நகர்ந்தது. இரண்டு வருடம் கழித்து அக்காவின் மகள் பலெர்மோவுக்கு வந்து இறங்கினாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு என் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு வைத்தோம். வழக்கம்போல, "மிதிவெடியைச் சொல்லு, மிதிவெடியைச் சொல்லு" என்றார்கள். கைப்பை மாட்டி, கதிரையில் ஏறி, கொக்கு நிலையில் நின்று சொன்னேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் வழக்கமான கடைசி வரிக்கு வந்தேன்: "கொம்மாவுக்கு முதலே தெரியும் பிள்ளை! என்னை நல்லாப் பேய்க்காட்டினவ!"

சனம் சிரித்து, அடுத்த கதைக்குப் போனது. நான் கதிரையை விட்டு இறங்கிக் குசினிக்குப் போனேன். அக்கா கறிச்சட்டியில் உப்புப் பார்த்துக்கொண்டு நின்றார். தலை நிமிரவில்லை.

"எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்? நான் கோயிலோடை திரும்பிறனான். அந்தக் காட்டுப் பாதைக்கு அண்டைக்குத்தான் முதல்தரம் போனது."

"பின்னை?"

"நீங்கள்தானே சத்தியம் பண்ணினியள்."

கழுத்தில் இன்னும் தொங்கிய கைப்பையைக் கழற்றினேன். பிறகு, "அப்ப ஏன் அக்கா அப்பிடிச் சிரிச்சனீங்கள்?" என்றேன்.

"சிரிக்காமல்? ரண்டு காலும் இருந்துது." கரண்டியைக் கழுவி வைத்தார். "கோப்பையைக் கொண்டு வாங்கோ. உறைப்பு அளவாத்தான் கிடக்கு, நான் பாத்திட்டன்."

நடந்தது இவ்வளவுதான். பாதையில் மிதிவெடி இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் நம்பினார். பையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, என்னை இருபது அடி தள்ளி வரச் சொல்லிவிட்டு, முன்னால் நடந்தார்.